பதினோராவது வளைவில் நின்ற பஸ்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கணபதியில் நம் வீட்டில் உட்கார்ந்து நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், காலாண்டுத் தேர்வில் மிச்சமான கோடு போட்ட தாளில் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ரயிலில் சென்னை, ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அமெரிக்கா. எதிரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். எதிரில் உட்கார்ந்தால் நான் டீச்சராகிவிடுவேன், உனக்குத் தெரியாததா. தப்பை உன் தலையில் கட்டி, கடைசியில் நீயே என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி செய்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு அது கைவந்த கலை. அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை உன்னை வழியனுப்ப உன் மாமா வந்திருந்தான். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற மனுஷன், என் தம்பிதான் என்றாலும் மனசில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவான். சாப்பிட்டுக்கொண்டே, "அமெரிக்காவுல அந்த வெளையாட்டுச் செய்யற கம்பெனி எதாச்சும் இருந்தாப் பாருங்க மாப்ள, காலேஜ்ல இருந்து அதையத்தானே சொல்லிட்டு இருந்தீங்க" என்றான். நீ இலையில் ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாய்: "அதுக்கெல்லாம் எனக்கு அறிவு பத்தலைங்க மாமா. பெங்களூர்க்காரங்க ஒரு பதில்கூடப் போடலீங்க." மோர் எடுத்து வருகிறேன் என்று நான் உள்ளே போனேன். மோர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மாமாவே எழுந்து வந்து, ஏனுங்கக்கா, மோர் கடையப் போயிட்டீங்களா என்று கேட்டான்.

பெங்களூர்க்காரர்கள் பதில் போட்டார்கள், கண்ணு. போட்டு ஒன்றேமுக்கால் வருஷம் ஆகப் போகிறது. அதை வாங்கிப் படித்து ஒளித்து வைத்தவள் நான். உனக்கு அறிவு பத்தவில்லை என்று எவனும் சொல்லவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டேன். இனி இது எப்படி நடந்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட அல்ல. கணக்கில் விடை மட்டும் எழுதினால் நான் மார்க் போட மாட்டேன், வழியும் எழுத வேண்டும். அந்தச் சட்டம் எனக்கும் உண்டு.

நீ பத்தாவது படிக்கும்போது காந்திபுரத்தில் ஒரு மாடியில் வீடியோ கேம் கடை வந்தது ஞாபகம் இருக்கிறதா. டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ அங்கே நிற்பதாக யாரோ சொல்ல, நேராகப் படியேறி வந்து, அத்தனை பேர் முன்னால் உன் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். நீ ஆடவில்லை, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கையில் ஒரு நோட்டு. வீட்டுக்கு வந்து பிரித்தால் பக்கம் பக்கமாகக் கட்டமும் அம்புக்குறியும். எதிரி எத்தனை அடி நடந்து திரும்புகிறான், நாம் குதித்தால் அவன் என்ன செய்கிறான் என்று எழுதி வைத்திருந்தாய். அந்த நோட்டைக் கிழித்துத் தண்ணீர் காய வைக்கிற அடுப்பில் போட்டேன். அதே வாரம், "இந்த சைன், காஸ் எல்லாம் எதுக்குங்கம்மா ஆகும்?" என்று நீ கேட்டபோது, பத்து மார்க்குக்கு ஆகும், வாயை மூடிக்கொண்டு போடு என்றேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். எதற்கு என்று கேட்ட ஒரே மாணவன் நீதான். உனக்கு நான் சொன்ன பதில் அது.

அப்பா அப்படி இல்லை. சத்தியமங்கலம் வழியாக மைசூர் போகிற பஸ்ஸை எத்தனையோ வருஷம் ஓட்டியவர், திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவும் அவருக்கு நம் வீட்டுப் படிக்கட்டு போலத்தான். எந்த வளைவில் தண்ணீர் ஒழுகும், எந்த வளைவில் யானை நிற்கும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். நீ இன்ஜினியரிங் சேர்ந்ததும் அந்தப் பழைய 486 கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நான் முறைத்தபோது, "அவன் எதையோ செஞ்சு பாக்கறானுங்க. செஞ்சு பாக்கட்டும் உடுங்க டீச்சரம்மா" என்றார். கோபம் வந்தால்தான் என்னை டீச்சரம்மா என்பார். நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டிப்போவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் நாம் இரண்டு பேர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள். என் தப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர் போன பிறகுதான் நீ அந்த விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தாய். பண்ணாரியில் கிளம்பி திம்பம் உச்சிக்கு ஒரு பஸ்ஸை ஏற்ற வேண்டும். இருபத்தேழு வளைவு. எதிரே லாரி வரும், பனி மூடும், யானை குறுக்கே வரும். ஆரன் அடித்தால் யானை மிரளும், அடிக்காவிட்டால் லாரிக்காரனுக்குத் தெரியாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும் என்று அப்பா சொல்வாரே, அதையும் உள்ளே வைத்திருந்தாய். கல்லூரி முடிந்தும் ஏழெட்டு மாதம் அதையேதான் செய்தாய். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், இவன் பொம்மை பஸ் ஓட்டுகிறான் என்று ஆசிரியர் அறையில் புலம்பினேன். ஒரு சனிக்கிழமை என்னையே உட்கார வைத்து ஆடச் சொன்னாய். எந்தச் சாவியை அழுத்துவது என்று கேட்டால் நீ சொல்லவில்லை. பின்னால் நின்று, நான் தடுமாறுகிற இடத்தை எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாய். மூன்றாவது வளைவிலேயே பஸ் பள்ளத்தில் போனது. என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறாயா என்று கத்திவிட்டு எழுந்து போனேன். நீ அப்போதும் ஏதோ எழுதிக்கொண்டுதான் இருந்தாய்.

பெங்களூரில் ஒரு வீட்டு மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு நீ விண்ணப்பம் எழுதினாய். நம் தெருவில் கதவு எண் குளறுபடி, தபால் மாறிப் போகிறது என்று என் பள்ளிக்கூடத்து விலாசத்தைக் கொடுத்தாய். விண்ணப்பத்தை எனக்குப் படித்துக் காட்டினாய். அதில் உன் ஆட்டத்தில் இன்னும் இருக்கிற தப்பு ஏழையும் நீயே வரிசையாக எழுதியிருந்தாய். பத்தொன்பதாவது வளைவில் பஸ் யானைக்குள்ளேயே புகுந்து போகிறது, பனியில் ஆரன் சத்தம் அரை நொடி தாமதம் என்றெல்லாம். எனக்கு வந்ததே கோபம். பொண்ணுப் பார்க்க வந்தவர்களிடம் நம் வீட்டுக் குறையை நாமே சொல்வார்களா, முதலில் அதை அடி என்றேன். நீ கேட்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன், ப்ளாப்பி இரண்டையும் கவரில் போட்டு ஒட்டி வையுங்கம்மா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாய்.

தை வெள்ளி. நான் தலைக்கு ஊற்றிப் பூஜையை முடித்திருந்தேன். சத்தியமங்கலத்தில் என் அப்பா வீட்டுக் காட்டில் விளைந்த மஞ்சளை அப்போதுதான் குழைத்து வைத்திருந்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற எதையும் நான் மஞ்சள் வைக்காமல் வெளியே அனுப்பியது கிடையாது. உன் சர்ட்டிபிகேட் நான்கு மூலைக்கும் வைத்தேன், கவர் மூலைக்கும் வைத்தேன். பிறகு அந்த ப்ளாப்பியைக் கையில் எடுத்தேன். தகரத் தகடு ஒன்று விரல் பட்டதும் நகர்ந்தது. உள்ளே கறுப்பாக ஒரு வட்டம். என் பிள்ளை முதல் வேலைக்கு அனுப்புவது இப்படிக் கன்னங்கரேல் என்றா போவது என்று மனசுக்கு ஒப்பவில்லை. மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டு அந்தக் கறுப்பின் மேலேயே ஒரு பொட்டு வைத்தேன், அதன் மேல் குங்குமம். இரண்டுக்கும் வைத்தேன். தகடு தானாக மூடிக்கொண்டது. நீ வந்து கவரின் மூலையைப் பார்த்துச் சிரித்தாய். உள்ளே வைத்ததை நான் சொல்லவில்லை. மறைத்ததாக நினைத்துச் சொல்லாமல் இல்லை, அது சொல்கிற விஷயம் என்றே தோன்றவில்லை.

தை மாசக் கடைசியில் பதில் வந்தது. பியூன் ஆறுமுகம் மத்தியானம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தடித்த கவர். உன் பெயருக்கு வந்த கவரை நான் பிரித்தேன், அது முதல் தப்பு. உள்ளே உன் ப்ளாப்பி இரண்டும் திரும்பி வந்திருந்தன. ஒரு பக்கம் டைப் அடித்த ஆங்கிலம், அடியில் பேனாவால் நாலு வரி. வட்டில் ஏதோ மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது, படிக்க முடியவில்லை, எங்கள் ப்ளாப்பி டிரைவையும் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் உங்கள் கடிதம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பதினைந்து நாளில் வேறு பிரதி அனுப்புங்கள், அல்லது எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்றும் இருந்தது. கீழே கையால் எழுதியது ஒரு கேள்வி. யானை உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும், கோணம் கண்டுபிடிக்காமல் சொல்லுங்கள் என்று. கண்ணு, அது பன்னிரண்டாம் வகுப்பு வெக்டர் கணக்கு. பஸ் பார்க்கிற திசையையும் யானை இருக்கிற திசையையும் பெருக்கிக் கூட்டினால் வருகிற எண் பிளஸ் என்றால் முன்னால், மைனஸ் என்றால் பின்னால். வருஷா வருஷம் நான் போர்டில் போடுகிற கணக்கு. எதற்கு ஆகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே அதை உன் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. முதலில் வெட்கம்தான். மகன் வருஷக்கணக்கில் உழைத்ததில் மஞ்சளைப் பூசி அனுப்பிய கணக்கு டீச்சர் என்று பெங்களூரில் சிரிப்பார்களே, நீயும் சிரிப்பாயே என்று. இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று மதிப்பெண் பதிவேட்டுக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்து வேறொன்று தோன்றியது. இவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்து யாருக்குச் சமைப்பது. இங்கேயே மாமாவின் தறி ஆபீசில் உட்கார்ந்தால் தினமும் பஸ்ஸில் போய் வரலாமே என்று நினைத்தேன். வெட்கம் வந்து கதவைத் திறந்தது, சுயநலம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரமே ஊரில் குண்டு வெடித்தது. கடைகள் மூடிக் கிடந்தன. பதினைந்து நாள் அதிலேயே கரைந்தது.

நீ தினமும் வாசலில் நின்றாய். நான் கேட்டைத் திறக்கும்போதே, "தபால் வந்துச்சுங்களாம்மா?" என்பாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இல்ல சாமி" என்பேன். சனி, ஞாயிறு போக முப்பத்தொரு நாள் சொன்னேன். முதல் நாள் நாக்குக் கூசியது, பத்தாவது நாளுக்கு மேல் அது சாதாரணமாக வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் செய்து பார்க்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டாய். நாமாகப் போய்க் கேட்டால் மதிப்பு இருக்காது, அவர்களுக்கு வேண்டும் என்றால் எழுதுவார்கள் என்றேன். நீயும் என்னை நம்பினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வீட்டில் இரண்டே பேர் இருந்து, ஒருத்தர் மற்றவரை நம்பினால் மறைத்துவிடலாம்.

முப்பத்திரண்டாவது நாள் நீ கேட்கவில்லை. நான் வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய், ஓரத்தில் ப்ளாப்பிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே போட்டு எடுத்தாய். என்ன கண்ணு செய்கிறாய் என்றேன். "அழிக்கறனுங்கம்மா. காலி ப்ளாப்பியா மாமா ஆபீசுக்காச்சும் ஆகும்" என்றாய். கம்ப்யூட்டருக்குள் இருந்ததையும் அழித்தாய். பதிவேடு என் கைப்பையில் இருந்தது. அதற்குள் அந்தக் கடிதம் இருந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் நாலடி தூரம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். காபி போடட்டுமா என்று கேட்டேன். என் ஆயுசில் நான் செய்த பாவம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வை, அந்தக் காபியை ஒரு பக்கம் வை.

அந்த வருஷம் டிசம்பரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைசூர், பெங்களூர் சுற்றுலா போனோம். பெங்களூரில் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலையில் விட்டுவிட்டு, தலைவலி என்று சக டீச்சரிடம் பொய் சொல்லி, கவரில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். மாடிப்படி முழுக்கச் செருப்பு. உள்ளே ஐந்து கம்ப்யூட்டர், சுவரெல்லாம் பென்சில் படம். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு முப்பது வயசு இருக்கும், பெங்களூர்த் தமிழர். உன் பெயரைச் சொன்னதும், "அந்த திம்பம் பஸ் பையன்தானே? ஏன் மறுபடி அனுப்பவே இல்லை?" என்று கேட்டார். பத்து மாதம் ஆகியும் ஞாபகம் வைத்திருந்தார். எங்கள் ஊரில் அப்போது கலவரம், தபால் வந்து சேரவில்லை என்றேன். எத்தனையோ வீட்டில் பிணம் விழுந்து ஊரே அழுத துக்கத்தை என் பொய்க்குச் சாக்காக வைத்தேன். அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டோம் அம்மா, இனி எப்போது எடுப்போம் என்று தெரியாது, எங்களுக்கே வேலை தட்டுத்தடுமாறித்தான் வருகிறது என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்படி என்னதான் சார் பார்த்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். உனக்காகக் கேட்டேனா, எனக்குத் தண்டனையாகக் கேட்டேனா, தெரியாது. அவர் பொறுமையாகச் சொன்னார், நான் சொல்வதை இப்போது நீ கவனமாகக் கேள். வருகிற விண்ணப்பத்தில் பாதிப்பேர் எனக்கு விளையாடுவது மிகவும் பிடிக்கும் என்று எழுதுகிறார்களாம். சாப்பிடப் பிடிக்கும் என்கிறவனைச் சமையலுக்கு வைக்க முடியுமா என்று சிரித்தார். மார்க் பட்டியலைக் கடைசியில்தான் பார்ப்பாராம். ஆரம்பித்த ஒன்றை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முடித்திருக்கிறானா என்று முதலில் பார்ப்பாராம், ஏனென்றால் ஆரம்பிப்பவன் ஆயிரம் பேர், முடிப்பவன் பத்துப் பேர். கணக்கை ஒப்பிக்கக் கூடாது, கையில் எடுத்துப் புழங்க வேண்டும், அதற்குத்தான் யானைக் கேள்வி என்றார். அதைக் கேட்டதும் நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். தங்க மெடல் வாங்கிய பையன் ஒருவன் அரை மணி நேரம் பேசினானாம், தெரியாது என்ற ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயில் வரவில்லையாம். அவனை அனுப்பிவிட்டார்கள். படம் போடுகிறவனோடு சண்டை போடாமல் உட்கார்ந்து வேலை செய்யத் தெரிய வேண்டும். அடுத்தவன் எழுதி வைத்த புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். பழைய மெஷினில், கொஞ்சம் இடத்தில் ஓட வைக்கத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் சொன்னதை அவர் வாயாலேயே எழுதுகிறேன். "தான் செஞ்சதை இன்னொருத்தர் ஆடும்போது, வாயைத் திறக்காம பின்னாடி நின்னு பார்க்கிறவன் எங்களுக்கு வேணும்மா. அவங்க தடுமாறினா அது அவங்க தப்பில்லை, நம்ம தப்பு. உங்க பையன், 'எங்க அம்மா மூணாவது வளைவுல விழுந்தாங்க, அதனால அந்த வளைவை மாத்தினேன்'னு எழுதியிருந்தார். தன் தப்பு ஏழையும் தானே எழுதியிருந்தார். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் டிரைவ் வீணாப் போயும் பதில் போட்டேன்." நீ அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதையும் அடி என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினேன். பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். திம்பம் வழியாகத்தான் திரும்பினோம். வளைவு எண் எழுதிய கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது, எங்கள் டிரைவர் ஓரம் கட்டி நிறுத்தினார். அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வயசாகி இறங்குகிறவள் நான், ஏறுகிறவன் நீ. வழி விட வேண்டியவள் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பாய். நீ அதற்குள் மாமா ஆபீசில் நூல் கணக்கு எழுதிக்கொண்டே கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்க ஆரம்பித்திருந்தாய். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும், இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக மாற்ற ஆள் வேண்டும் என்று உலகமே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போகட்டும், இதுவும் நல்ல வேலைதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன்னை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தானே பெங்களூரை மறைத்தேன், இப்போது நீ கடல் தாண்டிப் போகிறாய். தன் வினை தன்னைச் சுடும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ இரண்டு வருஷமாக வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. விசா வந்த அன்றுகூட, வந்துருச்சுங்கம்மா என்று சொல்லிவிட்டுச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். போகிற இடத்தில் அந்த இரண்டு இலக்க வேலையைச் செய். ஆனால் பக்கத்தில் ஒன்று செய்துகொண்டே இரு. பெரிதாக வேண்டாம், மூன்று வளைவு போதும், முடித்துவிடு. முடித்ததை முன்பின் தெரியாதவனிடம் கொடுத்து ஆடச் சொல், பின்னால் நின்று எழுது. நன்றாகப் படம் போடுகிற ஒருத்தனைச் சேர்த்துக்கொள், அவன் சொல்வதையும் கேள். எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் தப்பை நீயே முதலில் எழுது. பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் வாசலில் நிற்காதே, போனை எடுத்துக் கேள். மதிப்புப் போய்விடும் என்று சொன்னது நான், அதை நம்பாதே. எதையும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வை, அதில் ஒன்றுகூட என் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம்.

முந்தாநாள் அந்த ப்ளாப்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருத்தரிடம் போனேன். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு மணி நேரம் துடைத்துப் பார்த்தார். ஒன்று படிக்க வந்தது. பண்ணாரி தெரிந்தது, சோதனைச் சாவடி தெரிந்தது, அப்பாவின் பஸ் பச்சையாக நின்றது. நான் ஓட்டட்டுங்களா டீச்சர் என்று அவர் கேட்டார், நானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் விழவில்லை, கண்ணு. நீ அதை எனக்காகச் சரி செய்திருக்கிறாய். ஒன்பது, பத்து என்று ஏறிப் பதினோராவது வளைவுக்கு வந்ததும், அடுத்த ப்ளாப்பியைப் போடு என்று எழுத்து வந்தது. அடுத்தது எத்தனை துடைத்தும் வரவில்லை. நான் பொட்டு வைத்த இடம் அப்படியே அரித்துப் போயிருக்கிறது, மேற்கொண்டு திருத்துவதற்கான மூலப் புரோகிராமும் அதில்தான் இருந்திருக்கும், இனி யாராலும் எடுக்க முடியாதுங்க என்றார். பஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மேலே பாதை இல்லை.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடலாம், விமானம் ஏறிய பிறகு படிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் ஒளித்து வைப்பதுதான். ஆகவே நாளைக் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கம்ப்யூட்டர் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். பெங்களூர்க் கடிதமும் ப்ளாப்பி இரண்டும் கூடவே இருக்கும். நாலரை மணிக்கு நான் வருவேன். நீ வாசலில் நின்றாலும் சரி, பெட்டியோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தாலும் சரி, பேசாமலே ரயில் ஏறினாலும் சரி, ஏன் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அறிவு பத்தலை என்று மட்டும் இனி எவரிடமும் சொல்லாதே. பத்தாமல் போனது உனக்கு அல்ல.

உன் பெட்டிக்கு நான் மஞ்சள் வைக்கவில்லை. இந்தக் கவரின் மூலைக்கும் வைக்கவில்லை.

அம்மா